சிகாகோவில் எழுந்த சமணக் குரல்

1893 செப்டம்பரில் சிகாகோவில் கூடிய உலகச் சமயப் பேரவையைப் பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜான் ஹென்றி பாரோஸ் முன்னின்று நடத்தினார். கிறித்தவத்தைப் பிற சமயங்களோடு சமமாக அமர்த்துவதை ஏற்காத கான்டர்பரி பேராயர் வர மறுத்தார். சமணர்க்கும் தடை இருந்தது. ஆனால் அது விரதத்தால் வந்த தடை. அழைக்கப்பெற்ற சுவேதாம்பர ஆசாரியர் ஆத்மாராம்ஜி, துறவுநெறிப்படி கடல் கடக்கலாகாது. ஆகவே அவரிடம் பயின்ற 29 வயது இல்லறத்தார் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி சென்றார்.

சமணக் கோட்பாடுகளை அவர் விளக்கியது எதிர்பார்த்ததே. வியப்பளிப்பது பிறிதொன்று. லண்டன் போதகர் பென்டகாஸ்ட், கோயில் தேவதாசியரைச் சுட்டி இந்து சமயத்தை இகழ்ந்தார். சமணத்தை எவரும் தாக்கவில்லை. காந்தி வாளா இருந்திருக்கலாம். எனினும் எழுந்து, இந்துக்களின் சார்பில் மறுமொழி உரைத்தார். பேரவை கலைந்த பின்னும் அமெரிக்காவிலேயே தங்கி நகர்தோறும் சொற்பொழிவாற்றினார்.