முயல் மசால்

முயல் மசால் என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, வறட்சியைத் தாங்கி வளரும் பல்லாண்டுத் தீவனப் பயிராகும். இதன் தாவரவியற் பெயர் ஸ்டைலோசாந்தசு ஸ்காப்ரா. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி 0.6 முதல் 1.8 மீட்டர் உயரம் வரை வளர்ந்து, சிறிய மஞ்சள் நிறப் பூக்களைத் தரும். இதே பேரினத்தைச் சேர்ந்த ஸ்டைலோசாந்தசு புரூட்டிகோசா தென்னிந்தியாவில் இயற்கையாகவே காணப்படுகிறது.

மேய்ச்சல் நிலங்களில் பயன்

மழைக்காலம் முடிந்ததும் இயற்கைப் புற்கள் முற்றிக் காய்வதால் அவற்றின் புரதச் சத்து குறைகிறது. ஆழமான வேரைக் கொண்ட முயல் மசால் அதன் பின்னரும் பசுமையாக இருக்கும். இதில் 15 முதல் 18 விழுக்காடு வரை புரதம் உள்ளது. இதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதால் உடன் வளரும் புல்லும் பயன்பெறுகிறது. ஆண்டுக்கு 450 முதல் 840 மில்லிமீட்டர் மழை பெறும் இடங்கள் இதற்கு ஏற்றவை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்திலுள்ள சாமல்பட்டி போன்ற மானாவாரிப் பகுதிகளின் மேய்க்கால் நிலங்களுக்கும் இது பொருந்தும்.

சாகுபடி

சூன் முதல் அக்டோபர் வரை மழையை ஒட்டி விதைக்கலாம். எக்டேருக்கு வரிசை விதைப்புக்கு 6 கிலோ, தூவி விதைக்க 10 கிலோ விதை தேவை. விதையுறை கடினமானது, ஆகவே விதையை 80 பாகை செல்சியசு வெந்நீரில் 4 அல்லது 5 நிமிடம் வைத்து, பின் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லுடன் கலந்தும் பயிரிடலாம்.

மேய்ச்சல் முறை

இளஞ்செடிகள் மெதுவாகவே வளரும். முதலாண்டில் விதை உதிரும் வரை ஆடு மாடுகளை விடாமல் காத்தால்தான் செடி நிலைபெறும். பொது நிலமாயின் ஊரார் அனைவரும் இதற்கு உடன்பட வேண்டும். இல்லையெனில் விதைத்த செலவு வீணாகும். பின்னாளிலும் அளவுக்கு மீறி மேய்க்கக் கூடாது. மழைத் தொடக்கத்தில் கால்நடைகள் புல்லையே விரும்பித் தின்னும். அதனால் புல் அழிந்து, முயல் மசால் மட்டும் எஞ்சி, மண் அரிப்பு ஏற்படலாம்.

நோய்

ஆந்த்ராக்னோசு என்னும் பூஞ்சண நோய் இப்பேரினத்தின் முதன்மையான நோயாகும். 1970களில் ஆத்திரேலியாவில் பரவலாக வளர்ந்திருந்த ஸ்டைலோசாந்தசு உமிலிசு என்னும் இனம் இந்நோயால் பெருமளவு அழிந்தது. எனவே ஒரே இனத்தையோ இரகத்தையோ நம்பாமல், நோயைத் தாங்கும் பலவற்றைக் கலந்து விதைப்பது நல்லது.