ரகரமற்ற மொழி

தென் ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் ஏரியை ஒட்டிய லிட்செல்ஸ்டெட்டென் என்னும் சிற்றூரில் பங்குத்தந்தையாகப் பணியாற்றியவர் யோகான் மார்ட்டின் ஷ்லையர். அவர் கவிஞர், ‘சீயோனின் யாழ்’ என்னும் பொருள்படும் பெயருடைய கத்தோலிக்கக் கவிதை இதழின் ஆசிரியர், மொழிகள்மீது தீராக் காதலுடையவர். அவ்வூர் உழவர் ஒருவர் அமெரிக்காவிலிருந்த தம் மகனுக்கு விடுத்த மடல்கள், முகவரியின் எழுத்துக்கூட்டு அங்குள்ள அஞ்சலாருக்கு விளங்காமையால் திரும்பி வந்தனவாம். அதனால் உலகப் பொது எழுத்துமுறை ஒன்றை வகுக்க முற்பட்டார் அடிகளார். பின்னர், 1879 மார்ச் இறுதியில், உறக்கம் வராத ஓர் இரவில், பொது மொழியே வேண்டுமெனத் தெளிந்தார். இறைவனே தம்மைப் பணித்ததாக நம்பினார். அவ்வாண்டிலேயே தம் இதழில் அம்மொழியை வெளியிட்டார். நாம் கையில் ஏந்தியிருக்கும் இத்தகைய இதழொன்றில் ஒரு மொழி பிறந்தது என்றெண்ணும்போது நமக்கும் சற்றே பெருமிதம் உண்டாகிறது!

மொழியின் பெயர் வோலாப்பூக். ‘வோல்’ என்றால் உலகம்; ‘வோலா’ என்றால் உலகின்; ‘பூக்’ என்றால் பேச்சு. ஆங்கிலச் சொற்களையே செதுக்கிச் செதுக்கி அடையாளம் தெரியாதபடி ஆக்கியிருந்தார். சீனருக்கும் முதியோருக்கும் மழலையருக்கும் நாவில் இடறும் என்று ரகரத்தைத் தவிர்த்தார். ஆகவே ரோஜா ‘லோல்’ ஆயிற்று. சகோதரன் ‘ப்ளோட்’ ஆனான். ரயிலை ‘லயில்’ என்னும் நம் வீட்டுக் குழந்தை அடிகளாரின் நன்மாணாக்கன் ஆகியிருப்பான்.

இலக்கணமோ விதிவிலக்கற்றது. ‘லோஃபோப்’ என்றால் நேசிக்கிறேன். ‘லோஃபோல்’ என்றால் நேசிக்கிறாய். முன்னே ஓர் ஒகரம் சேர்த்து ‘ஒலோஃபோப்’ என்றால் நேசிப்பேன். வினையின் ஈறே ‘நான்’, ‘நீ’ என்று காட்டிவிடும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. பகடைக்காய்களைப்போல் பகுதியையும் விகுதியையும் கோத்து விளையாடுவதில் மக்கள் இன்பம் கண்டனர். பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 280 சங்கங்களும் 25 இதழ்களும் தோன்றின. 1889இல் பாரிசில் கூடிய மாநாடு முழுவதும் அம்மொழியிலேயே நடந்தது. உணவு பரிமாறியவர்களும் அதனையே பேசினர் என்பர்.

அம்மாநாடே வீழ்ச்சியின் தொடக்கமும் ஆயிற்று. மொழியை இன்னும் எளிமையாக்க வேண்டும் என்றது கெர்க்ஹாஃப்ஸ் என்னும் அறிஞரின் தலைமையில் இயங்கிய கழகம். படைத்தவன் ஒப்பாமல் ஒன்றும் மாறலாகாது, இறுதிச் சொல் தம்முடையதே என்றார் ஷ்லையர். அவரைத் தன்னலமுடையவர் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. மகனுக்கு மணம் முடித்த பின்னும் தானே சோறூட்ட விரும்பும் தாயின் பிடிவாதமாகவே அது நமக்குத் தோன்றுகிறது. கெர்க்ஹாஃப்ஸ் 1891இல் விலகினார். இதழ்களும் சங்கங்களும் ஒவ்வொன்றாய் மறைந்தன. நூரம்பர்க் சங்கமோ 1888 இறுதியிலேயே வேறொரு மொழியைத் தழுவியிருந்தது.

அதுவே எஸ்பராண்டோ. வார்சாவைச் சேர்ந்த யூத மருத்துவர் சாமன்ஹோஃப் 1887இல் 16 விதிகளோடு அதனை வெளியிட்டார். பொது மொழி பொதுச் சொத்து என்று கூறி, தம் உரிமைகள் அனைத்தையும் அந்நூலிலேயே துறந்தார். 1894இல் தாமே வரைந்த திருத்தங்களை வாசகர் வாக்களித்து மறுத்தபோது, அவர்தம் முடிவுக்குப் பணிந்தார்.

1912 ஆகஸ்டில் கிராக்கோவ் நகரில் எஸ்பராண்டோ உலக மாநாடு கூடியது. அங்கே சாமன்ஹோஃப் தம் தலைமையிடத்தைத் துறப்பதாக அறிவித்தார். அம்மாநாடு நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே, அம்மாதம் 16ஆம் நாள், 81 வயது ஷ்லையர் அடிகளார் கான்ஸ்டன்ஸ் நகரில் கண்மூடினார்.