கப்பல் விளிம்பில் ஒரு கோடு

ஒரகடம் பக்கம் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்காக ஒரு பழைய வழக்கு.

இந்திய அரசு இங்கிலாந்தில் தீயணைப்பு வண்டிகள் வாங்கியது, எஃப்.ஓ.பி. முறையில். அதாவது, கப்பல் விளிம்பைத் தாண்டும்வரை சரக்கு விற்பவர் பொறுப்பு. லண்டனில் ஒரு வண்டியைத் தூக்கி ஏற்றும்போது, விளிம்பைத் தாண்டுமுன் கீழே விழுந்தது. நஷ்டம் விற்றவருக்கு. பழுது 966 பவுண்டு. 1954 தீர்ப்பில் கப்பல் கம்பெனி கொடுக்க வேண்டியிருந்தது 200தான். அந்தரத்தில் கோடு போடும் இந்த முறையை நீதிபதி டெவ்லினே கிண்டலடித்தார்!

பாரிஸின் சர்வதேச வர்த்தக சபை 1936 முதல் வெளியிடும் இன்கோடெர்ம்ஸ் விதிகளில், 2010 பதிப்பில்தான் அந்தக் கோடு போனது. இப்போது கப்பலில் ஏற்றி வைக்கும்வரை விற்பவர் பொறுப்பு. கன்டெய்னரையோ நாம் துறைமுக யார்டிலேயே விட்டுவிடுகிறோம். அங்கே காத்துக்கிடக்கும் நாட்களின் ஆபத்தும் நம் தலையில். அதனால்தான் கன்டெய்னருக்கு எஃப்.சி.ஏ. போடச் சொல்கிறது அந்தச் சபை: குறித்த இடத்தில் ஒப்படைத்ததும் பொறுப்பு கைமாறும்.

உங்கள் கம்பெனி இன்வாய்ஸில் எது இருக்கிறது?