பத்துத் திங்கள் முன்பே அறிந்த அவசரம்

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் அரசாணையிலும் தேடிப் பழகியவர்கள் நாம். ஆபத்தில் எழும் குரல்களின் பதிவேடும் அத்தகையதோர் ஆவணமே. மக்கள் எதற்காக அழைத்தார்கள் என்று நோக்கினால், அவர்களுக்கு எது வாய்க்கவில்லை என்பது புலப்படும்.

அவசர அழைப்புக்கென ஒரே எண் என்னும் எண்ணம் தீயிலிருந்து பிறந்தது. 1935 நவம்பரில் இலண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் மாண்டனர். தீயணைப்புப் படையை அழைக்க முயன்ற அண்டை வீட்டாரைத் தொலைபேசி நிலையம் காத்திருக்க வைத்தது. அதனால் எழுந்த விவாதத்தின் பயனாக, 1937 ஜூன் 30 அன்று 999 என்னும் எண் அந்நகரில் நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவிலோ காவலுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 102 என எண்கள் பிரிந்து கிடந்தன. தொலைபேசியே அரிதாயிருந்த வீடுகளுக்கு அவற்றால் விளைந்த பயன் சிறிது. 2004இல் செல்பேசி இணைப்புகள் நிலைத்தொலைபேசி இணைப்புகளை எண்ணிக்கையில் விஞ்சின. அடுத்த ஆண்டே, 2005 ஆகஸ்டு 15 அன்று, ஐதராபாத்தில் 108 சேவை தொடங்கிற்று. இவ்விரண்டின் அண்மை கருதத்தக்கது.

ஐதராபாத்தில் தொடங்கிப் பல மாநிலங்களுக்கும் பரவிய அச்சேவையை மிகுதியும் நாடியவர் யாவர்? விபத்தும் மாரடைப்புமே முதலில் நம் நினைவுக்கு வரும். ஆனால் ஊர்ப்புறங்களையும் சேர்த்து நோக்குங்கால், பேறுகால அழைப்புகளே பெரும்பங்கு வகித்தன. மருத்துவமனைப் பேற்றை ஊக்குவிக்கும் ஜனனி சுரக்ஷா திட்டமும் அதே 2005இல் வந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

தீ திடீரென மூள்வது. பேறோ பத்துத் திங்கள் முன்பே அறியப்பட்டது. அறிந்திருந்தும் அது அவசரமானதற்குக் காரணம் நோயன்று. வண்டியின்மையும் வாடகைக்குப் பணமின்மையுமே. மேலைநாட்டார் விபரீதத்துக்கென வகுத்த ஏற்பாடு, நம் நாட்டில் அன்றாட வறுமைக்கு ஊர்தியாயிற்று எனலாம்.

வங்கதேசம் 2017 டிசம்பரில் 999 எண்ணைத் தொடங்கியபோதும் இத்தகைய மாற்றத்தைக் காண்கிறோம். தீ, திருட்டு ஆகியவற்றோடு, குழந்தைத் திருமணத்தைத் தடுத்து நிறுத்துமாறு வேண்டிய குரல்களும் டாக்காவிலுள்ள அழைப்பு மையத்தை எட்டின. ஊராரிடமும் உறவினரிடமும் முறையிட இயலாத ஒன்றை, முகமறியாத ஒருவரிடம் சொல்ல அவ்வெண் இடமளித்தது.

இரு நாடுகளிலும் அழைப்புகளில் பெருந்தொகை உதவி கோராதவை. அவை வீண் அழைப்புகள் எனப்பட்டன. விளையாட்டாக அழைத்தோர் உண்டு. மெய்யாகவே யாரேனும் எடுத்துப் பேசுவார்களா என்று சோதித்தோரும் அவர்களிடையே இருந்திருப்பர். அரசு அலுவலக வாயிலில் காத்து நின்று பழகியவர்களுக்கு அந்த ஐயம் இயல்பானதே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. கதவிலக்கமில்லாத சேரியில், வேப்பமரத்துக்கு அடுத்த சந்து என்பதே முகவரி. வண்டி வந்து சேராது என்று நம்புபவன் அழைப்பதில்லை. அழைப்புகளை மட்டும் எண்ணி வண்டிகளைப் பகிர்ந்தால், அழையாத தெரு நலமுற்ற தெருவாகக் கணக்கில் ஏறிவிடும். பதிவேட்டை வாசிப்போர் அதன் வெற்றுப் பக்கங்களையும் வாசித்தல் வேண்டும்.