கிழமையும் கிழவனும்

நம் கல்லூரியில் படித்து, சிவகாசியில் அச்சு இயந்திரங்களோடு காலம் தள்ளும் பொறியாளன் நான். "தமிழய்யா எழுத வேண்டியதை இவன் ஏன் எழுதுகிறான்?" என்று நண்பர்கள் கேட்கலாம். காலண்டர் அச்சடிக்கிற ஊரில் 'கிழமை' என்ற சொல் கண்ணில் படாத நாளே கிடையாது. அதுதான் காரணம்!

கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்றால் தலைவன், தலைவி. வயதானவர்கள் அல்ல, காதலர்கள்தான்! கோவூர் கிழார், சேக்கிழார் என்ற பெயர்களிலும் 'உரியவர்' என்ற பொருளே நிற்கிறது. பிறகுதான் அச்சொல் முதுமைக்கு வந்தது. அப்போதும் மதிப்பு போகவில்லை. 1710 வரை சேதுச் சீமையை ஆண்ட ரகுநாத சேதுபதிக்குக் 'கிழவன் சேதுபதி' என்றே பெயர்.

இன்றைக்கு யாரையாவது 'கிழவா' என்று கூப்பிட்டுப் பாருங்கள், சண்டைதான் வரும்! 'பெருசு என்ன சொல்லுது?' என்கிறோம். பாதி பாசம், பாதி கேலி. 'கிழடு' என்றால் கேலி மட்டுமே. இலக்கணப்படி, உயர்திணையில் இருந்தவரை அஃறிணைக்கு இறக்கிவிட்டோம்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சொல்லும் உண்டு. சொல்லவே நாக்கு கூசுகிறது: தலைக்கூத்தல். எண்ணெய்க் குளியல் போல ஒலிக்கும் இது, படுக்கையில் விழுந்த முதியவரைச் சாகடிக்கும் வழக்கத்தின் பெயர். 2010இல் பத்திரிகைகள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. இதை வைத்து எடுத்த படம் 2018ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. படத்தின் பெயர் 'பாரம்'. உரியவர் பாரமாகிப் போனார். கொலைக்குக் குளியல் என்று பேர் வைத்தால் கொலை இல்லையென்று ஆகிவிடுமா?

நல்ல சொற்களும் வந்தன. விருதுநகர் தந்த காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1962இல் முதியோர் ஓய்வூதியம் தொடங்கியது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் 60 வயதானவரை 'மூத்த குடிமக்கள்' என்கிறது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் தீர்ப்பாயத்தில் பராமரிப்புக் கேட்கும் உரிமையும் தருகிறது. உரிமை என்றால் கிழமைதானே!

மாணவத் தம்பி தங்கைகளே, கல்லூரியில் 'சீனியர்' என்றால் எழுந்து நிற்கிறீர்கள். வீட்டில் இருக்கும் சீனியரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதை, முன்னாள் மாணவர்களான நாங்களும் உங்களோடு சேர்ந்து யோசிக்கிறோம்.