பாடமும் பயிற்றுமுறையும்: நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வி – குன்னத்துகால் எல்லைப்புற நோக்கில்

முன்னுரை

இளங்கலைப் பட்டத்தோடு கல்வியியல் பட்டத்தையும் சேர்த்து வழங்கும் நான்காண்டுப் படிப்பு இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. ஆயின், பாடத்தையும் பயிற்றுமுறையையும் ஒருங்கு நோக்குதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூல், எழுத்தும் சொல்லும் விளக்கப் புகுமுன், பொதுப்பாயிரத்தில் நூல், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணாக்கர், பாடங்கேட்கும் முறை ஆகிய ஐந்தையும் வகுத்துரைக்கிறது. பிற்காலத்தே இவ்விணைப்பு பிரிந்தும் மீண்டும் கூடியும் வந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரிவும் இணைப்பும்

சென்னையில் 1856இல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தோன்றியது. நாளடைவில், பட்டம் முதலில், பயிற்சி பின்னர் என்னும் ஒழுங்கு நிலைபெற்றது. புலவர் பட்டம் பெற்ற தமிழாசிரியர்களும் பயிற்சியைத் தனியே பெற்றனர். இப்பிரிவை நீக்கும் முயற்சி 1960இல் குருக்ஷேத்திரத்தில் தொடங்கியது. தொடர்ந்து, அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பெற்று நான்காண்டுப் படிப்பை நடத்தின. இவற்றுள் மைசூர்க் கல்லூரி 1963இல் தோன்றியது. தென்மாநிலங்கள் அதன் மண்டலத்துள் அடங்கின. 1956இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அவ்வட்டத்துக் குன்னத்துகாலும் அண்டையிலுள்ள விளவங்கோட்டு ஊர்களும் ஆட்சியால் பிரிந்தும் ஆசிரியர் கல்வியில் ஒரு மண்டலத்தினவாயின.

காலமும் கல்வியும்

அந்நாளில் மூன்றாண்டு இளங்கலையும் ஓராண்டு பி.எட். படிப்பும் சேர நான்காண்டே ஆயின. எனவே ஒருங்கிணைந்த படிப்பால் கால மிச்சம் இல்லை. பாடமும் முறையும் உடன் வளர்தலே அதன் நோக்கம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கிய பின்னரே ஓராண்டு மிச்சம் என்னும் வாதம் எழுந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020, நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டத்தை 2030க்குள் ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியாக்க வேண்டுமென்றது. 2023–24இல் அத்திட்டம் 57 நிறுவனங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது.

கால மிச்சத்தை மட்டும் கருதின், முதல் நோக்கம் மறையும். குன்னத்துகால் போன்ற ஊரில் மலையாள எழுத்தறிந்த குழந்தைக்குத் தமிழ் கற்பித்தலை எண்ணிப் பார்க்கலாம். மலையாளத்தில் ககர வரிசையில் ஐந்து எழுத்துகள் உள; தமிழில் ககரமும் ஙகரமுமே உள. ‘கடல்’, ‘அகம்’, ‘தங்கம்’ ஆகியவற்றில் ஒரே ககரம் இடத்திற்கேற்ப வேறுபட்டு ஒலிப்பதை அக்குழந்தைக்கு விளக்க வேண்டும். இதற்கு எழுத்திலக்கண அறிவும் வகுப்பறைப் பயிற்சியும் ஒருசேர வேண்டும். இலக்கணத்தைப் பட்டப்படிப்பில் கற்று, கற்பித்தலை ஆண்டுகள் கழித்துப் பயில்வோர்க்கு இவ்விரண்டும் தனித்தனியே நின்றுவிடல் கூடும்.

முடிவுரை

பதினேழு வயதிலேயே தொழிலைத் தேர்ந்துகொள்ள நேர்தலும், இலக்கியப் பயிற்சிக்குரிய பொழுது குறைதலும் இப்படிப்பின்பாற் கூறத்தக்க தடைகளே. முன்னதற்கு, பட்டம் முடித்தோர்க்கான தனிப் பயிற்சி வழியும் நீடித்தல் வேண்டும். பின்னதற்கு, பாடத்திட்டத்தைக் கல்வியியல் துறையிடம் மட்டும் விடாது தமிழ்த்துறைகளும் உடனிருந்து வகுத்தல் வேண்டும். நன்னூலை இலக்கணமாக மட்டுமன்றிப் பயிற்றியல் நூலாகவும் கற்பிப்பதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.