இருபது தோணிகள்: மணப்பாட்டு மக்களின் தொழிலும் குணமும்

மணப்பாடு என்றதும் வெளியூர் மக்களின் நினைவுக்கு வருவது கடலோரக் குன்றும், அதன்மேல் கப்பலைப் பார்த்து நிற்பது போல் நிற்கும் திருச்சிலுவை ஆலயமுமே. அதில் நமக்கும் பெருமை உண்டு. ஆயினும் யூபிலி மலரில் ஆலயங்களின் வரலாற்றை மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டால், அவற்றைக் கட்டி எழுப்பிய மக்களின் வரலாறு விடுபட்டுப் போகும். ஆகவே நம் ஊரின் தொழிலையும், அத்தொழில் வளர்த்த குணத்தையும் பற்றிச் சில செய்திகளைப் பங்கு மக்கள் முன் வைக்க விழைகிறோம்.

கடலும் தேரியும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, கருமேனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்தது நம் ஊர். வடக்கே குலசேகரன்பட்டினம்; மேற்கே செம்மணல் தேரியும் பனங்காடும்; அதற்கப்பால் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி. நெல் விளையும் நிலம் நமக்கு இல்லை. மீனும் பனையும் தந்ததைக் கொண்டே நம் முன்னோர் குடும்பம் நடத்தினர். கடலில் கிடைத்ததை மேற்கே கொண்டுபோய் விற்று, அரிசியும் கருப்பட்டியும் வாங்கி வந்தனர். எனவே, பிறரை அண்டாமல் வாழ முடியாது என்பதை நம் ஊர் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டது.

முத்துக்குளித்துறையின் பரத குல மக்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். 1540-ல் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலொன்றின் முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி, நேர்ச்சைக் கடனாக இக்குன்றின்மேல் நாட்டினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1542-ல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். குன்றின் அடியில் கடலை நோக்கியிருக்கும் குகையில் அவர் தங்கிச் செபித்ததை இன்றும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். திருச்சிலுவை ஆலயம் எழுந்தது 1581-ல். ஆண்டுதோறும் செப்டம்பர் 14-ஆம் நாள் எத்தனையோ ஊர்களிலிருந்து மக்கள் இங்கே கூடுகின்றனர்.

1544-ஆம் ஆண்டு

இவ்வரலாற்றில் நாம் அதிகம் பேசாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1544-ஆம் ஆண்டின் நடுவில் வடுகர் படை குமரிமுனைப் பகுதியில் புகுந்து கடற்கரை ஊர்களைச் சூறையாடிற்று. உயிருக்கு அஞ்சிய மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்தனர். உண்ண உணவுமில்லை, குடிக்க நீருமில்லை; சிலர் அங்கேயே மாண்டனர். இச்செய்தி எட்டியதும் சவேரியார் இருபது தோணிகளில் உணவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். உதவி கேட்டுக் கரையோரப் பட்டங்கட்டிமாருக்கும் எழுதினார்.

அது தென்மேற்குக் காற்று ஓங்கும் காலம். அக்காற்றை எதிர்த்துத் தெற்கே போவது எத்தகையது என்பதைக் கடலுக்குப் போகும் நம் ஆண்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தண்டு வலித்துப் பார்த்தும், கயிறு கட்டி இழுத்துப் பார்த்தும் தோணிகள் குமரிமுனையை எட்டவில்லை. ஜூன் 30-ஆம் நாள் மணப்பாட்டிலிருந்து தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில் சவேரியாரே இதைத் தெரிவிக்கிறார்.

அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. பின்னர் தரைவழியாகவே சென்று அம்மக்களைக் கண்டார். அங்கிருந்த ஏழைகளை மணப்பாட்டுக்கு வரச்செய்தார். வந்தவர் பலர் என்பதும் அவர் மடலால் தெரிகிறது. அவர்களுக்குச் சோறு பொங்கிய பெண்களின் பெயரும், வீட்டில் இடம் கொடுத்தவர்களின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவர்களே நம் ஊரின் முன்னோர். தோணிகள் போய்ச் சேரவில்லை என்றபோது, ஊர் தன் கதவைத் திறந்தது. குன்றின்மேல் ஆலயம் எழுவதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கயிறும் பங்கும்

இக்குணம் நம் தொழிலோடு ஒட்டியே வளர்ந்தது. முத்துக்குளிக்கும் காலத்தில், கல்லைப் பற்றி ஆழத்தில் இறங்குபவனின் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில் இருந்தது. அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்பர். உடன்பிறந்தவளின் தாலியை மறந்து கயிற்றை நழுவ விடுவானா அவன்! தூத்துக்குடிப் பகுதியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. ஆயினும் ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைக்கும் அந்தப் பழக்கம் வள்ளத்தில் தொடர்கிறது.

வள்ளத்தில் கிடைப்பது கூலியன்று, பங்கு. வள்ளத்துக்கும் வலைக்கும் உரியது போக, மீதி உழைத்தவர்களுக்குப் பிரிகிறது. மீன் பட்டால் எல்லாருக்கும் பட்டது. படாவிட்டால் எல்லாருக்கும் வெறுங்கை. விற்பதற்கு முன்பே கறிக்கென்று கொஞ்சம் எடுத்து வைப்பதும், கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டுப் பெண் கரையில் வந்து நின்றால் அவள் கூடையில் நாலு மீன் விழுவதும் கடற்கரை வழக்கம். இதை எவரும் தர்மம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

நம் பெண்களும் வாளாவிருக்கவில்லை. பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, வகிர்ந்து, சாயமேற்றிப் பெட்டியும் கூடையுமாக முடையும் கலையைக் கூட்டுறவு முறையில் வளர்த்துத் தொலை நாடுகளுக்கும் அனுப்பினர். கடல் பொய்த்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியச் செய்தது இந்த ஓலைதான்.

பூட்டிய வீடுகள்

நம் தெருக்களில் நிற்கும் பெரிய மாளிகைகள் இலங்கை வாணிபத்தில் ஈட்டிய பொருளால் எழுந்தவை. கொழும்பில் கடை வைத்தவர்கள் ஊரை மறக்காமல் இங்கே வீடு கட்டினர். இலங்கை 1948-ல் விடுதலை பெற்றபின் அங்கே வெளியாருக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளால் அவ்வாணிபம் சிறுகச் சிறுகச் சுருங்கிற்று. வீட்டார் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வெளிநாடுகளுக்கும் பிரிந்தனர். அவ்வீடுகளில் பல இன்று திருநாளுக்கு மட்டுமே திறக்கின்றன.

கடலுக்குப் போகிறவர்களுக்கும் கவலைகள் உண்டு. எரிபொருள் செலவு ஏறுகிறது, மீன் குறைகிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஏவும் நாட்களில் எதுவரை வள்ளம் போகலாம் என்ற கேள்வி கரையில் எழாமல் இருக்குமா? இதற்கு நியாயமான விடை பெறுவது நம் அனைவரின் பொறுப்பு. வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் நம் மக்களுக்கும் அதில் பங்குண்டு.

படிக்கவும் பிழைக்கவும் வெளியே போவதை நாம் குறை கூறவில்லை; போய்வருவது நம் ஊருக்குப் பழக்கமானதே. நமது அச்சமெல்லாம் வேறு. வீடு பூட்டிக் கிடப்பது போல் மனமும் பூட்டிக் கொள்ளலாகாது. கரையில் கூடையோடு நிற்கும் கைம்பெண்ணைக் காணாதவர் போல் கடந்து போகவும், பிழைப்புத் தேடி வந்த பிற மொழித் தொழிலாளியை வேற்றாளாகப் பார்க்கவும் நாம் பழகிவிட்டால், 1544-ல் ஊர் திறந்த கதவை நாமே சாத்தியவர்கள் ஆவோம்.

யூபிலி ஆண்டில் ஆலயத்துக்கு வண்ணம் பூசுகிறோம், விளக்கு அலங்காரம் செய்கிறோம், நன்று. அத்துடன் ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் கடலில் ஆளை இழந்த வீடு எது, நோயால் வள்ளம் ஏறாதவர் யார், ஓலை முடைந்தும் உரிய விலை பெறாத தாய் யார் என்று கேட்டறிந்து, அவர்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்கட்டும். திருச்சிலுவை ஆண்டவர் நம் கடலையும் கரையையும் ஆசீர்வதித்து, புறப்பட்டுப் போகும் ஒவ்வொரு வள்ளத்தையும் நலமாய்க் கரை சேர்ப்பாராக.